தேவாரத்துப் பன்னீர்ச்சொம்பு

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் மனைவி, என் தங்கை, மயிலாடும்பாறையிலிருந்து வந்த சித்தப்பா, தேவாரத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் தகப்பனார், அவருடைய அக்கா, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று பேசிய பாத்திரக்கடைக்காரர். தூளியில் உறங்கிய என் மகளையும் சேர்த்தால் எட்டு. மாப்பிள்ளை வரவில்லை, அந்தக் காலத்தில் வருவதில்லை. இப்படி ஆள் கணக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு இந்தக் கதையைக் கடைத்தெருவில் சொன்னவர்கள் எல்லாரும் தாங்களும் அங்கே உட்கார்ந்திருந்ததாகத்தான் சொன்னார்கள்.

அப்பா இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தேனி கடைத்தெருவில் அவருடைய துணிக்கடையில் உட்கார்ந்தவன். தங்கையைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பும் என் தலையில்தான். அவளுக்கு வந்த மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. நாலாவதும் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை தாயில்லாப் பிள்ளை, வளர்த்தது அத்தை, தகப்பனாரின் அக்கா. அந்த அம்மாள் சரி என்றால் சரி, முகத்தைத் திருப்பினால் அதோடு போச்சு. அவர்கள் மனம் குளிர வேண்டும் என்றுதான் என் வெள்ளிச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன்.

வெள்ளி சேர்க்கும் கிறுக்கு எனக்குக் குழந்தைக்குப் பால் புகட்டும் ஒரு பாலாடையில் தொடங்கியது. கம்பத்து வாடிக்கைக்காரர் ஒருவர் துணிப் பாக்கிக்கு ஈடாக அதைக் கொடுத்துவிட்டுப் போனார். விளிம்பில் ஏதோ ஒரு குழந்தையின் முதல் பல் பட்ட தடம் இருந்தது. உருக்கக் கொடுக்க மனம் வரவில்லை. அப்புறம் கடைக்கு லீவு விட்ட நாளெல்லாம் நான் பஸ்ஸில்தான். யுத்த காலம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ், மேடு வந்தால் இறங்கித் தள்ளச் சொல்வார்கள். சட்டையெல்லாம் புகைக்கரியோடு போடியிலும் சின்னமனூரிலும் ஆசாரி கடை வாசலில் போய் நிற்பேன். உருக்குவதற்கு வந்த பழைய சாமானை, அடுப்பில் போகும் முன் எடை போட்டு வாங்கிவிடுவேன். கிளி உட்கார்ந்த குங்குமச் சிமிழ், மாங்காய் போன்ற சுண்ணாம்பு டப்பி, நசுங்கிய சந்தனக் கிண்ணம், மலை எஸ்டேட் துரை வீட்டிலிருந்து இறங்கி வந்த சர்க்கரை எடுக்கும் கிடுக்கி. அந்தக் கிடுக்கி எதற்கென்று தெரியாமல் என் மனைவி அதால் அடுப்பில் கங்கு எடுக்கப் போனாள்.

வாங்கும் வரை சந்தோஷம், வாங்கிய பிறகு பயம். கள்ளன் வந்துவிடுவானோ என்று ஒன்றைப் பருத்திக்கொட்டைச் சாக்கில் வைப்பேன், ஒன்றை அரிசிக் குதிரில் போடுவேன். சந்தனக் கிண்ணத்தைப் புளிப்பானைக்குள் புதைத்து மறந்துபோய், ரசம் வைக்கப் போன மனைவி அதைத் தோண்டி எடுத்தாள்.

"கள்ளன் வந்தா நீங்களும் கூட நின்னுதேன் தேடிக் குடுக்கணும்" என்பாள்.

அன்று காலையில் எல்லாவற்றையும் திருநீறு போட்டுத் தேய்த்து வைத்தேன். வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிக்க, இருந்ததிலேயே நல்ல சொம்பை எடுத்தேன். நீண்ட கழுத்து, தாமரைப்பூப் போன்ற அடி. போடி ஆசாரியிடம் வாங்கியது. என் மனைவி தெளித்துவிட்டுச் சொம்பைத் தட்டில் வைத்தாள். மாப்பிள்ளையின் அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டே அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். அடியைத் தடவினார்.

"இது எங்க வீட்டுச் சொம்புல்ல?"

அந்தத் தாமரையில் ஓர் இதழ் மட்டும் தலைகீழாக ஒட்டியிருக்கும். அதற்காகத்தான் நான் அதை வாங்கியதே.

"நான் சமைஞ்ச சடங்கன்னைக்கு நாந்தேன் கீழ போட்டேன். இதழு பிஞ்சுபோச்சு. ஆசாரி தலைகீழா ஒட்டிப்புட்டாரு. எங்க ஆத்தா அவர வஞ்ச வசவு இன்னும் என் காதுல கெடக்கு." தம்பி பக்கம் திரும்பினார். "ஏலே, வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தப்ப வீட்டுல களவு போச்சுன்னு சொன்னியே, அதுதான இது?"

"அதே மாதிரி வேறொண்ணா இருக்கும்க்கா."

"ரெண்டு ஆசாரி ஒண்ணு போலவா தப்புப் பண்ணுவாக?"

சித்தப்பா நிலைமையைச் சரிப்படுத்த நினைத்தார். "வெவரமான கள்ளன் போல மதினி. நல்ல எடமாப் பாத்துக் கொண்டாந்து சேத்திருக்கான்." அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நாலாவது இடமும் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. "அத்தே, உங்க வீட்டுச் சாமான் உங்க கைக்கே வந்திருச்சு. காசு பணம் ஒண்ணும் வேணாம், எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். பாத்திரக்கடைக்காரர் என் தொடையைக் கிள்ளினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"களவுச் சாமான்தேன் சும்மா திரும்பி வரும்" என்றார் அத்தை. "யாருகிட்ட வாங்குனீக? அதச் சொல்லுங்க."

சொல்லலாம்தான். விற்றபோது போடி ஆசாரி என்னிடம் சொல்லியிருந்தார்: "தேவாரத்துல பெரிய வீடு. வீட்டுக்காரரே துண்டுல சுத்திக் கொண்டாந்தாக. உருக்கிருங்க, யாருக்கும் தெரியவேணாம்னாக." அந்த வீட்டுக்காரர் யார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. இப்போது மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்தேன். அவர் துண்டின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்தக் கண் என்னைக் கெஞ்சியது. உண்மையைச் சொன்னால் சம்பந்தியின் மானம் போகும், கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் நான் களவுச் சாமான் வாங்கினவன், அப்போதும் கல்யாணம் நிற்கும்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. பெண் பேசக்கூடாத நேரம் அது.

"அத்தே, நான் பேசுறது தப்புன்னா பொறுத்துக்கங்க. எங்கண்ணன் காசு குடுத்து வாங்குன சாமானையே களவு போயிருமோன்னு நிமிசத்துக்கு ஒருதரம் எந்திரிச்சுப் பாக்குற ஆளு. களவுச் சாமானு ஒண்ணு வீட்டுக்குள்ள இருந்தா அவருக்கு உசுரு நிக்குமா?"

"ஆமா ஆத்தா" என்றாள் என் மனைவி, இதுதான் சமயம் என்று. "சந்தனக் கிண்ணத்தப் புளிப்பானைக்குள்ள பொதச்ச மனுசன். அன்னைக்கு ரசமே வைக்கல."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு வேர்த்து ஊற்றுவதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் தம்பியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தம்பி தலை குனிந்துகொண்டார்.

"பருத்தி வெல விழுந்த வருசந்தேன அது" என்றார் அத்தை மெதுவாக. பிறகு என்னிடம், "வித்தது யாருன்னு நான் கேக்கல. வெல என்ன?"

"முப்பது ரூவாய்க்கு வாங்குனேன் அத்தே."

"அது அன்னைக்கு. இன்னைக்கு வெள்ளி விக்கிற வெலைக்கு?"

"நாப்பத்தஞ்சுக்குக் கொறையாது" என்றார் பாத்திரக்கடைக்காரர். அவருக்கு வியாபாரம் என்றால் வாய் தானாகத் திறக்கும்.

"நாப்பத்தஞ்சே இருக்கட்டும். பொண்ணெடுக்குற வீட்டுல வெல கொறச்சு வாங்குனான்னு பேரு வேணாம்." சுருக்குப்பையை அவிழ்த்துப் பதினைந்து ரூபாயைத் தட்டில் வைத்தார். "மீதிய நான் தருவேன். நான் மட்டுந்தேன் தருவேன்." பிறகு கதவைப் பார்த்து, "ஏத்தா, அங்கன நின்னு ஒளிஞ்சு பேசுனது போதும். வாயி இருக்குல்ல, எங்க வீட்டுக்கு அதுதேன் வேணும். காப்பியக் கொண்டா."

தை மாதம் கல்யாணம். தேவாரத்துப் பந்தலில் அந்தச் சொம்பால்தான் பன்னீர் தெளித்தார்கள். எனக்குத்தான் அது கூட்டத்தில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. என் சாமான் இல்லை அது என்று மனைவி நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மற்ற வெள்ளியெல்லாம் பிள்ளைகள் வளர வளர ஒவ்வொன்றாகக் கொலுசாகவும் அரைஞாணாகவும் போய்விட்டது. கிளிச் சிமிழைக் கொடுத்த அன்று ஆசாரி கடை வாசலில் நிற்காமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் கரிப்புகை வாசம் வந்தால், மடியில் காகிதப் பொட்டலத்தை அமுக்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்கள் ஞாபகம் வரும். பயந்துகொண்டே வந்தாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை.

கல்யாணமான புதிதில் தங்கையின் மாமனார் கடைக்கு வந்தார். வேட்டி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மீதிப் பணம் முழுவதையும் துணிக்கடியில் தள்ளினார். "அக்காவுக்குத் தெரிய வேணாம்."

"அவுக கணக்கா இருப்பாக மாமா. அடுத்த தடவ வந்து நீட்டுனா நான் என்ன சொல்றது?" என்றேன். அவர் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தேவையில்லாத ஒரு துண்டை வாங்கிக்கொண்டு போனார்.

அத்தை தேனிப் பக்கம் வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவார். என் மனைவியின் காப்பி தண்ணி என்று சொல்லுவார். போகும்போது முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாயோ இரண்டோ, கையில் காசு ஓடாத வருஷம் எட்டணாவோ எடுத்து வைப்பார். "எழுதிக்கங்க மருமகனே" என்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, காரியம் முடிந்த அன்றே தங்கையின் மாமனார் மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்பவாச்சும் மீதிய வாங்கிக்கங்க" என்றார். வாங்கினால் அவருக்கு நிம்மதி, வாங்காவிட்டால் மனவருத்தம். என்ன செய்வதென்று தெரியாமல் தங்கையைப் பார்த்தேன்.

"அது அத்தை தாரேன்னு சொன்ன காசு மாமா" என்றாள் அவள். "வேற யாரும் தரவேணாம்."

அவர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டார். சொம்பு தேவாரத்தில் இருக்கிறது. பாக்கி பதினோரு ரூபாய் எட்டணா.