மாமாவுக்குக் குரல் கொடுத்த ஞாயிறு

எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் தனி. சங்கிலி மெல்லக் கிலுகிலுக்கும். கழிவுநீர்க் கானை மூடிய கொங்கிறீட் பலகைகளில் டயர் ஏறி இறங்கும்போது தொம் தொம் என்று கேட்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் அந்தச் சத்தம் வந்தால் மாமா லீவில் வந்துவிட்டார் என்று அர்த்தம். அம்மாவின் ஒரே தம்பி. மற்றவர்கள் எல்லாம் வீட்டு வாசலில் நின்று ஒருமுறை முறுக்கிக் காட்டிவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்துவார்கள். இவர் ஒழுங்கை முனையிலேயே அணைத்துவிடுவார். சாதாரண சேர்ட், சாதாரணக் காற்சட்டை, தலையில் ஒரு கறுப்புத் தொப்பி. கதவைச் சாத்திய பிறகுதான் தொப்பியைக் கழற்றுவார். ஒட்ட வெட்டிய அந்த முடியை அயலில் ஒருவரும் பார்த்துவிடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. மாமா இலங்கை இராணுவத்தில் இருந்தார்.

தமிழன் எப்படி அதற்குள் போனான் என்று விஷயம் தெரிந்த ஓரிரண்டு பேர் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள், ஏதோ நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியதுபோல. கொழும்பிலே பிறந்து, சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசி, புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஓர் இளந்தாரிக்கு மோட்டார் சைக்கிள் என்றால் பைத்தியம். இராணுவத்தில் செய்தி கொண்டுபோகிறவர்களுக்குப் புது மோட்டார் சைக்கிள் கொடுப்பார்களாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அம்மா பட்டினி கிடந்து பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. "நான் துவக்குத் தூக்கப் போகல்ல அக்கா, பைக் ஓடத்தான் போறன்" என்பார் மாமா. அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். லீவில் வந்தால் என்னைப் பெற்றோல் டாங்கியில் இருத்தி முகத்துவாரக் கடற்கரைவரை கொண்டுபோவார். அவருடைய நாடி என் உச்சந்தலையில் முட்டிக்கொண்டிருக்கும். வளைவு வரும்போது, "சாய்ஞ்சு குடு மருமகன், பயந்து நிமிர்ந்தியெண்டா ரெண்டு பேரும் விழுவம்" என்பார். நான் சாய்ந்து கொடுப்பேன். அவரை அவ்வளவு பிடிக்கும் எனக்கு.

வடக்கில் ஒரு தெருவில் கண்ணிவெடியில் போனார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சீல் வைத்த பெட்டியைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவர அம்மா சம்மதிக்கவில்லை. கொண்டுவந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு இந்த ஒழுங்கையில் இருப்பது, யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரருக்கு என்ன சொல்வது, யார் வந்து என்ன செய்வார்கள் என்று ஆயிரம் பயம். மாமாவோடு ஒரே அறையில் இருந்த ஒரு சிங்களக் கோப்ரலின் வீடு வத்தளையில் இருந்தது. மாமா தன் மோட்டார் சைக்கிளையும் அங்கேதான் விட்டு வைத்திருப்பார். அந்த வீட்டு முற்றத்தில் பெட்டியை வைத்து, அங்கிருந்தே எடுத்தார்கள். அயலுக்குச் சொன்னது, அப்பாவும் அம்மாவும் ஒரு கலியாணத்துக்குப் போனார்கள் என்று. திரும்பி வந்த அம்மா கண்ணைத் துடைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, குழாயடியில் கலியாணச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

மாமா கட்டாரில் வேலை செய்கிறார் என்பதுதான் ஒழுங்கைக்கு ஏற்கெனவே சொல்லப்பட்ட கதை. ஆகவே கட்டாரில் அவர் சாக வேண்டியிருந்தது. சில கிழமைகள் கழித்து ஒரு காலையில் அந்தக் கோப்ரல் வெள்ளைச் சேர்ட் போட்டு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் மாதிரி, கையில் ஒரு பையோடு வந்தார். அவர் சிங்களத்தில் இரண்டு சொல் சொன்னதும் அம்மா வாசலில் விழுந்து கத்தினார். ஒழுங்கையே ஓடி வந்தது. நடிப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை அன்றைக்குத்தான் வெளியே வந்தது, பிடித்து நிறுத்த முடியவில்லை. ஏஜென்சிக்காரரும் சுவரில் சாய்ந்து அழுதார். அந்த நேரம் பார்த்து யாரோ ஐயரைக் கூட்டி வந்துவிட்டார்கள். எப்போது உயிர் போனது என்று ஐயர் எல்லார் முன்னிலையிலும் கேட்க, அம்மா நேற்று என்றார். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி குறித்தார்.

அதற்குப் பிறகு அந்தத் திதியை மாற்ற முடியவில்லை. மாமாவுக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. மருமகன் நான்தான் தர்ப்பை போட்டு அமர்ந்து வருடா வருடம் திவசம் கொடுக்கிறேன், அவர் சாகாத ஒரு நாளில். திதி தவறினால் போய்ச் சேருமா என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா காலமாகி, கொட்டாஞ்சேனை வீட்டை விற்று, வெள்ளவத்தையில் இந்தத் தொடர்மாடிக்கு வந்த பிறகாவது உண்மையான நாளில் கொடுக்கலாம் என்று பார்த்தேன். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய அயலவர்கள் இன்னும் திவசத்துக்கு வருகிறார்களே, என்ன சொல்வது என்றார்.

இந்த வருடம் வைகாசியில் கோப்ரல் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் இந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போரில் இறந்த இராணுவத்தினரை நினைத்து மோட்டார் சைக்கிளில் ஊர்வலமாகப் போகிறார்கள். பழைய சிப்பாய்கள், இறந்தவர்களின் பிள்ளைகள், சும்மா சைக்கிள் பிரியர்கள் என்று நூற்றுக்கணக்கில் சேர்வார்கள். புறப்படுவதற்கு முன் இறந்தவர்களின் பெயரைப் பதவியோடும் ஊரோடும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும், அவருக்காகச் சைக்கிள் ஓட வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றி, "இன்னவா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒருவரும் சொல்லாவிட்டால் அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். இத்தனை வருடமும் மாமாவுக்குக் கோப்ரல்தான் குரல் கொடுத்திருக்கிறார். எங்களிடம் அதைச் சொன்னதே இல்லை. "புத்தா, நம்ம கால் இனிச் சரி வராது" என்றார், மகனே என்பதைச் சிங்களத்திலும் மற்றதைத் தன் தமிழிலும். மாமா பழக்கிவிட்ட தமிழ் அது. "நீ வராட்டி அவனுக்குச் சத்தம் குடுக்க ஆள் இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். வேறு வீடென்றால் போய்விட்டு வந்திருப்பேன். என் மனைவி வன்னியில் பிறந்தவள். போர் முடிகிற நேரம் அவளுடைய தம்பியைப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்துக் காற்சட்டையோடு போன பிள்ளை. சில கிழமைகளில் இராணுவத்தின் ஷெல்லில் முடிந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள், உடலைக் கண்டவர் இல்லை. அவனுக்கும் இதே வைகாசிதான். போர் முடிந்த கிழமை முழுக்க அவள் குசினி மூலையில் விளக்கு வைப்பாள். கடைசிப் போரில் சனம் குடித்ததுபோல ஒரு நாள் உப்பில்லாத கஞ்சி காய்ச்சுவாள், நாங்களும் குடிப்போம். விளக்கை வெளியே வைத்ததில்லை. மாமா யார் என்பது கலியாணத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியும், நான் மறைக்கவில்லை. தெரிந்துகொண்டும் மாமாவின் திவசத்துக்கு வாழையிலை கழுவி வைப்பவள் அவள். இதற்கு மேல் அவளிடம் எதைக் கேட்பது?

கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஒரு இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்து தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு, "போறதெண்டாப் போங்கோ. உங்கட மாமா, நான் மறிக்கேல்ல. ஆனா வந்து எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றாள். அம்மாவுக்கோ ஒரே ஒரு கவலை. டீவியில் காட்டுவார்களா, கொட்டாஞ்சேனைச் சனம் பார்த்துவிடுமா என்று மூன்று நாளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஓடும்போது தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கி விடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

ஞாயிறு காலை என் மோட்டார் சைக்கிளில் போனேன், தெஹிவளையில் ஒரு மைதானத்தில் கூடினோம். எல்லார் சைக்கிளிலும் சிங்கக் கொடி. என் கைக்கும் ஒன்று வந்தது, வாங்கிக் கட்டினேன். பெயர்கள் வந்தன. குருநாகல், மாத்தறை, பொலன்னறுவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். எனக்கு முன்னால் நின்ற ஓர் இளம்பெண் தன் தகப்பனுக்குச் சொல்ல வாயெடுத்து முடியாமல் குனிந்துவிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. அப்புறம் மாமாவின் பதவி, முருகனின் பெயர்களில் ஒன்றான அவர் பெயர், கொட்டாஞ்சேனை. அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே, அவருடைய பதவியோடு, நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைகள் திரும்பின. நான் "இன்னவா" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பக்கத்தில் நின்றவர் கூட்டாளிக்காகவா என்று சிங்களத்தில் கேட்டார். அம்மாவின் தம்பி என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்று, மெல்ல என் தோளில் கை வைத்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிடம் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. இத்தனை திவசம் கொடுத்தும் வராத நிம்மதி அது.

அது நிலைக்க விட்டால்தானே. பெயர்கள் முடிந்ததும் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நாட்டைக் காப்பாற்றியதையும் பயங்கரவாதியின் கடைசிப் பூண்டையும் பிடுங்கி எறிந்ததையும் முழங்கத் தொடங்கினார். கூட்டம் கைதட்டியது. கடைசிப் பூண்டு என்றதும் எனக்குப் பள்ளிக்கூடத்துக் காற்சட்டைதான் நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் எஞ்சின்கள் கிளம்பிவிட்டன. முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்கள், விலக இடமில்லை.

பாலம் தாண்டி வெள்ளவத்தைக்குள் காலி வீதியில் மெதுவாக ஊர்ந்தோம். புடவைக் கடை வாசல்களில், சைவக் கடை வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். எங்கள் ஆட்கள். ஒருவரும் கை காட்டவில்லை, ஒருவரும் திட்டவில்லை, மழை விடுவதற்காக நிற்பவர்களைப்போல நின்றார்கள். நான் தினமும் இடியப்பம் வாங்கும் கடைக்காரரும் நின்றார். கண்ணாடியை இறக்கியிருந்தும் நான் குனிந்துகொண்டேன். எங்கள் ஒழுங்கை முனை வந்தபோது தலைமை ஓட்டி கையை உயர்த்தினார். உடனே எல்லாரும் ஹோர்னை அமத்திப் பிடித்தார்கள். நான் அமத்தவில்லை. அந்த இரைச்சலில் அதை யார் கண்டார்கள்? மேலே மூன்றாம் மாடியில், அந்த நேரம் அவள் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. கொடியை வழியிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா முன்னறைக் கதிரையில் இருந்தார். டீவியில் ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாகச் சொன்னார். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லாதே என்றவள், தானே கேட்டாள்.

"மாமான்ட பேரைக் கூப்பிட்டவங்களோ?"

ஓம் என்றேன். எப்படிக் கூப்பிட்டார்கள், நான் என்ன சொன்னேன், மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஹோர்ன் அடித்ததில் நானும் சேர்த்தியா என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாளா தெரியாது. 

"என்ட தம்பியையும் ஒருக்கா அப்பிடிக் கூப்பிடுங்கோ. முழுப் பேரும் ஊரும் சொல்லி. நான் பதில் சொல்லுறன்."

எனக்கு அவன் பெயர் தெரியும். வாயெடுத்தேன். யன்னல் அகலத் திறந்திருந்தது. பக்கத்துத் தொடர்மாடிக் குசினி கைக்கெட்டும் தூரம். கீழே ஆட்டோக்காரர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் யோசித்துச் செய்யவில்லை. கால் தானாக எழும்பிப் போனது. யன்னலை இழுத்துச் சாத்தி, கொளுக்கியையும் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

அம்மா, சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார். மனைவி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பூட்டிப்போட்டுக் கூப்பிடுறதெண்டா, அதை நான் இத்தனை வருசமாக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறன்" என்றாள். நான் குடிக்காத தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.