ஒற்றைக் காதருக்கு ஒரு வேட்டி

ஓநாயாக மாறும் மனிதர்களை வைத்து ஏழு நாவல் எழுதியும் ஒருவரையும் பயமுறுத்தாத நான், டீயில் ஏலக்காய் மணந்தால் போதும், போடியில் அம்மா வேலை பார்த்த ஏலக்காய் பொறுக்கும் கொட்டகைக்குப் போய்விடுவேன். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

முறங்களின் சரசரப்புக்கு நடுவே, குமுளிப் பக்கத்து மேரியக்கா ஒடியன் கதை சொல்வாள்: மிருகமாக மாறிய மனிதனுக்கு உடம்பில் ஏதாவது ஒன்று குறையுமாம், திரும்ப மனிதனாகும்போது பொட்டுத் துணி இருக்காதாம்.

கொட்டகை வாசலில் படுத்திருந்த நாய்க்கு ஒரு காது இல்லை. அத்தனை பெண்களுக்கு முன்னால் அந்த மனிதரின் மானம் போய்விடுமே என்று, ஒரு காலையில் அப்பாவின் பட்டுக்கரை வேட்டியைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்து, "எந்திரிச்சா உடுத்திக்கங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால், வேட்டி மேல் நாய் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏலே, கல்யாணத்துக்குப் போக வேட்டியக் காணாம உங்கப்பா வீட்ல துண்டோட நிக்கிறாக," என்றாள் அம்மா.

"துணியில்லாம நிக்கிறாகன்னா, அப்ப ஒடியன் அங்கனதான இருக்காக," என்றாள் மேரியக்கா.

வீட்டுக்கு ஓடிப்போய் முதல் வேலையாக அப்பாவின் காதுகளை எண்ணினேன். இரண்டும் இருந்தன. அவர் பிடித்துத் திருகிய திருகலில் எனக்குத்தான் ஒன்று குறைந்திருக்கும்.