இரண்டு முறை வெட்டிய பன்னிரண்டு குச்சிகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பிளேடக்கா என்றுதான் கூப்பிட்டோம். பதினோரு வயது மூத்தவனான நானும்கூட. பதிவேடு என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அவர் வெட்டிய மாதிரிகள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு. அவற்றில் பன்னிரண்டை மட்டும் இரண்டு முறை வெட்டினார்.

அவர் வேலை இதுதான். ஆரஞ்சு மரக் கிளையிலிருந்து அரிசியைவிடச் சிறிய துண்டை எடுத்து, மருந்தில் ஊறவைத்து, பிசினில் பதித்து, அது கல்லாக இறுகியபின் வைரக் கத்தியால் சீவுவார். சீவல்கள் கத்தி முனையை ஒட்டிய தண்ணீரில் மிதக்கும். வெள்ளியாக மின்னினால் சரியான மெல்லிசு. ஊதாவாகத் தெரிந்தால் தடிமன், தள்ளிவிடுவார். வெள்ளிச் சீவலை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பட்டைக்கு அடியில் சாறு ஓடும் குழாய்கள் தெரியும். வைரஸ் இருந்தால் அதுவும் நூல்நூலாகத் தெரியும். நோய் முற்றினால் குழாய்கள் நசுங்கியும் போகும்.

ஒரு வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து பன்னிரண்டு குச்சிகள் வந்தன. தோட்டம் அவருடைய சொந்த அண்ணனுடையது. வெட்ட வேறு ஆள் இல்லை. குச்சி எடுக்கப் போனதும் அக்காவேதான். வழக்கமாகச் சவர பிளேடால் நோகாமல் எடுப்பவர், மழை பிடித்துக்கொண்டதால் தோட்டத்துக் கத்தரியை வாங்கி நறுக் நறுக்கென்று நறுக்கிப் புட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

படங்களில் பன்னிரண்டிலும் குழாய்கள் நசுங்கிக் கிடந்தன. நூல் மூன்றில் தெளிவாக இருந்தது. மற்றவற்றில் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தது. நசுங்கலே போதும் என்று தலைவர் கையெழுத்திட்டார். எடுத்த குச்சிகளில் பாதிக்கு மேல் பழுது என்றால் தோட்டம் முழுவதையும் பிடுங்க வேண்டும் என்பது விதி. பதினைந்தாம் நாள் ஆட்கள் வருவார்கள் என்று அண்ணனுக்குக் கடிதம் போனது. அவர் சண்டைக்கு வரவில்லை. எத்தனை மணிக்கு வருவார்கள் என்று மட்டும் கேட்டனுப்பினார்.

பிளேடக்காவுக்கு ஒன்று உறுத்தியது. குழாய்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நசுங்கியிருந்தன. நோய் அப்படி வரிசை பார்த்து நசுக்காது என்றார். கண்ணாடி வீட்டில் வளர்த்த நோயில்லாத செடியில், அதே கத்தரியை வாங்கிவந்து ஒரு குச்சி நறுக்கினார். ஆறு நாள் கழித்துப் படம் வந்தது. நோயில்லாத செடியிலும் அதே நசுங்கல்.

அந்தப் படத்தோடு நேராகத் தலைவர் அறைக்குப் போனார். நான் பதிவேட்டோடு அங்கே நின்றிருந்தேன்.

"உங்க அண்ணன் தோட்டம்னு எனக்குத் தெரியும்மா," என்றார் தலைவர்.

"தெரியும் சார், அதனாலதான் கேக்கறேன். பதிவேடு வெச்சிருக்கற இவர் போய், அதே பன்னிரண்டு மரத்துல சவர பிளேடால குச்சி எடுத்துட்டு வரட்டும். நல்ல செடியில மூணு குச்சி கலந்து, நம்பரை மாத்தி எங்கிட்ட கொடுக்கட்டும். எது எந்த மரம்னு எனக்குத் தெரிய வேணாம். தப்பா வெட்டினது நான். திருத்தறதும் நான்தான்."

மைக்ராஸ்கோப் இயக்குபவருக்கு நாக்கில் எப்போதும் அரிப்பு. "அண்ணனுக்குன்னா வைரக் கத்தியும் சாட்சி சொல்லும் போல," என்றார். பதினான்காம் நாள் மாலைவரை தலைவர் அவகாசம் கொடுத்தார்.

பதினைந்து புட்டிகளை எண் மாற்றிக் கொடுத்தேன். பட்டியல் என் பையில். ஆறு நாளும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாய் தவறி ஏதாவது உளறிவிடுவேன் என்ற பயமாம். ஊதாச் சீவல் வந்தால் முகம் சுளிக்காமல் தள்ளிவிட்டு மறுபடி கத்தியை ஓட்டினார். பதினான்காம் நாள் நான்கு மணிக்குப் பதினைந்து வரி எழுதித் தலைவர் மேசையில் வைத்தார். நான் பட்டியலைப் பிரித்தேன்.

நல்ல செடியின் மூன்றும் சுத்தம். தோட்டத்தின் ஒன்பதில் குழாய்கள் முழுசாக இருந்தன, நூல் இல்லை. மூன்றில் நூல் கட்டுக்கட்டாக இருந்தது. தலைவர் படங்களை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கடிதத்தை ரத்து செய்தார். அந்த மூன்றைப் பிடுங்க வேண்டும், மற்ற மரங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும் என்று எழுதினார்.

அண்ணன் மறுநாள் காலை வந்தார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மூன்று எவை என்று அக்கா சொன்னதும் சிரிப்பு நின்றது. ஒன்று அவருடைய தாய்மரம். அதில் மொட்டு எடுத்து ஒட்டுக்கட்டிய கன்றுகளைத்தான் ஊரெல்லாம் கொடுத்திருந்தார்.

"இத்தனையைக் காப்பாத்தினவ, அந்த ஒண்ணைச் சொல்லாம விட்டிருக்கலாமே தாயி."

"விட்டிருந்தா அந்த ஒன்பதையும் யாருண்ணே நம்புவாங்க?"

அண்ணன் என்னிடம் ஒரு தாள் கேட்டார். கன்று போன வீடுகளை யோசித்து யோசித்து எழுதினார். முப்பத்தொன்று வந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத் தாளை அவர் பக்கமே தள்ளினார்.

"என் வீட்டு வாசல்ல நட்டதை விட்டுட்டியே. அதையும் எழுது."