காமாலைக்கு ஆட்டு ஈரல்

எங்கள் சித்தியின் ரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்றியவன் நான்தான். இது பொய். ஒரே வாயில் அதை அவிழ்த்துவிட்டவன் நான். சின்ன வயதிலும் எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும். அதனால்தான் பள்ளிக்கூடம் என்னை ஐந்தாவதோடு கைகழுவியது.

கல்யாணம் ஆகாமல் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தி, ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை, நைனாவும் கேட்கவில்லை. எனக்கும் தெருவுக்கும் சொன்னது மஞ்சள் காமாலை. விஷயம் வெளியே தெரிந்தால் சித்தி தலைநிமிர்ந்து கம்பெனி பஸ் ஏற முடியாது.

அம்மா அவளுக்கு நொச்சி போட்ட வெந்நீர் ஊற்றி, தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்தாள். நைனா ஷிப்டு முடிந்து வரும்போது ஆட்டு ஈரல் வாங்கி வந்தார். சித்தி தொடமாட்டாள். தட்டை என் பக்கம் தள்ளுவாள். அவளைவிட நான்தான் தேறினேன்.

எதிர்வீட்டு அத்தை சர்ச்சில் முதல் வரிசை. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். ஒருநாள் என்னைப் பிடித்து, சித்திக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

"காமாலை. மொளகு போட்ட ஈரல் துன்றோம்," என்றேன் பெருமையாக.

காமாலைக்குக் கீழாநெல்லியும் மோரும்தான், கறி ஆகாது என்பது தெரு நாய்க்குக்கூடத் தெரியும். அத்தை உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் சுக்கு வாசனையோடு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து உருண்டை. அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. அத்தை எதையும் கேட்கவில்லை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

சித்திதான் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "சாமி என்னிய இன்னா கேக்கும்க்கா?"

"சாப்ட்டியானு கேக்கும். வாயத் தொற."

சித்தி அழுதுகொண்டே தின்றாள். அத்தை அவள் தலையில் கைவைத்து ஜெபம் செய்தாள். பக்கத்திலேயே அம்மா பெரியபாளையத்தம்மனைக் கும்பிட்டாள். அதன்பிறகு தெருவில் யார் கேட்டாலும், காமாலை என்று முந்திக்கொண்டு சொன்னது அத்தைதான். நானோ, காமாலைக்கு இவ்வளவு ருசியான மருந்தா என்று இரண்டு உருண்டை தின்றுவிட்டு, எனக்கும் காமாலை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

போன மாதம் என் பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்தது. சித்தி அதே உருண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்றை வாயில் போட்டதும் முதலில் என் நாக்குக்கு ஞாபகம் வந்தது, அப்புறம்தான் எனக்குச் சித்தியின் காமாலை புரிந்தது. சித்தியிடம் என்னவோ கேட்க வாயைத் திறந்தேன். அவள்...

"இன்னாடா அங்க கத உட்டுக்கினு கீற? சோறு ஆறுது. வந்து துன்னு."

உள்ளேயிருந்து சித்திதான் கூப்பிடுகிறாள். போகிறேன்.