ஒரே மேடையில் இரண்டு மாப்பிள்ளைகள்

தொண்ணூறுகளில் அடையாற்றில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நானும் என் தோழியும் வேலை பார்த்தோம். நிரல் எழுதத் தொடங்கும் முன்பே, அது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணிதக் குறிகளில் எழுதி, முரண்பாடு உண்டா என்று சோதிக்கும் முறைமீது எங்களுக்கு அப்போது பைத்தியம். தி. நகர் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு முன்பதிவு மென்பொருள் செய்யும் வேலை வந்ததும், மண்டபத்து மேனேஜர் அம்மாவிடம் ஆசையாகக் குறிகள் எழுதிய தாளை நீட்டினோம்.

"இன்னா கண்ணு, இங்கிலீஷு ஏ எழுத்து தலைகீழா நிக்குது?"

"அதுக்கு 'எல்லாவற்றுக்கும்'னு அர்த்தம்மா."

"அப்ப எல்லாத்துக்கும்னே எழுதேன்!" என்றவர், பந்தியைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில் தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்தம்மா சொன்னதுதான்டி சரி! குறியெல்லாம் கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கட்டும். வெளியில வாக்கியம் மட்டும் தெரிஞ்சா போதும்."

"முரண்பாடு வந்தா?"

"படமா போட்டுக் காட்டிடலாம்!"

நாங்கள் போட்ட கூச்சலில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

சில வாரங்களில் அப்படியொரு கருவியைச் செய்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். மேனேஜர் அம்மா மவுஸைப் பிடித்து, திரையிலிருந்த வாக்கியத் துண்டுகளால் தன் விதிகளைத் தானே கோத்தார். முதல் நாள் மாலை வரவேற்பு வைப்பவருக்கு மறுநாள் மதியம்வரை மண்டபம் உண்டு. காலை முகூர்த்தம் மட்டும் கேட்பவருக்கும் தரலாம். பொத்தானை அழுத்தியதும் திரையில் மணமேடை வந்தது. அதில் தலைப்பாகையோடு இரண்டு மாப்பிள்ளைகள்!

"ஐயையோ, இன்னாடி இது, ரெண்டு பேரு குந்திக்கினு கீறானுங்க?"

"நீங்க சொன்ன விதிப்படி இது நடக்கலாம்மா."

ஒரு கணம் முறைத்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இரு, நானே சரி பண்றேன்." முதல் நாள் மாலையே மண்டபம் பதிவாகியிருந்தால் காலைப் பதிவு கிடையாது என்று சேர்த்தார். அழுத்தினார். ஒரே மாப்பிள்ளை. நாங்கள் மூவரும் கைதட்டினோம்.

அதோடு விட்டாரா? வேண்டுமென்றே விதிகளைக் கலைத்து, மூன்று மாப்பிள்ளை, நான்கு மாப்பிள்ளை என்று உட்காரவைத்துப் பார்த்தார். சமையல்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவர் கோத்த வாக்கியங்களை வைத்தே பிறகு மென்பொருளை எழுதி முடித்தோம்.

கருவியைக் காட்டிய அன்று மேனேஜர் அம்மா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. பந்தியில் அன்றைய கல்யாணப் பெண்ணின் அம்மா, "நீங்க யாரு சைடு?" என்று கேட்டார்.

"நம்ம கம்ப்யூட்டர் பொண்ணுங்க, நல்லா கவனி," என்றார் மேனேஜர் அம்மா, பரிமாறுகிறவரிடம். எங்கள் இலையில் இரண்டாவது தடவையாகப் பாயசம் விழுந்தது.