முகிலின் பல்லை உடைத்தது யார்?

1. முதல் நாள், முதல் கடி

டெல்லியில் நான் பல் டாக்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் பேஷண்ட் என் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டான். அவனுக்கு இரண்டு வயது. சேரில் படுக்க வைத்து, லைட்டைப் போட்டு, கால் மணி நேரம் கெஞ்சி, அவன் வாயைத் திறந்த சந்தோஷத்தில் யோசிக்காமல் விரலை உள்ளே விட்டேன். திருநெல்வேலியிலிருந்து மூன்று நாள் ரயிலேறி வந்தது இதற்குத்தானா என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுதான் அதிகமாக வலித்தது.

அந்த வாரமே முழங்காலோடு முழங்கால், அதாவது நீ-டு-நீ என்கிற முறையைப் பழகிக்கொண்டேன். சின்னக் குழந்தைக்கு டென்டல் சேர் வேண்டியதில்லை. இரண்டு ஸ்டூல் போதும். டாக்டரும் குழந்தையைப் பிடிப்பவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். குழந்தை அவர் மடியில் அவரைப் பார்த்து உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்தால் தலை டாக்டர் மடிக்கு வந்துவிடும். கையை அவர் பிடித்துக்கொள்வார், வாயை நாம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது படித்துவிட்டு வரும் பிள்ளைகள் நீங்கள் இதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருப்பீர்கள். படத்தில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். நிஜத்தில் உதைக்கும்.

இந்த ஊரில் எத்தனையோ பெரிய அதிகாரிகள் என் எதிரே ஸ்டூலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபீஸில் நாலு பேரை நடுங்க வைக்கிற மனுஷர், மகன் கையைப் பிடிக்கச் சொன்னால் தானே நடுங்குவார். ஆகவே மடி முக்கியம். யாருடைய மடி என்பது அதைவிட முக்கியம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அஞ்சலை.

2. கேட்கக் கூடாத கேள்வி

அப்போது நான் சொந்த கிளினிக் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இரண்டு சேர். கீழே கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கிற கடை. அதனால் தமிழ்க் குடும்பத்தார் காய் வாங்க வரும்போதே பல்லையும் காட்டிவிட்டுப் போவார்கள்.

வித்யா அப்படி வந்தவள்தான். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழில் பாதி ஹிந்தி இருக்கும். மகன் முகிலுக்கு ஒரு வயது நிறைந்ததும் பல் செக்கப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் சொன்னதையெல்லாம் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். கூட அஞ்சலையும் வந்திருந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கம், நாற்பது வயதிருக்கும். முகில் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, செய்துகொண்டிருந்த இரண்டு வீட்டு வேலையையும் விட்டுவிட்டு இவனைப் பார்த்துக்கொள்ள வந்தவள் என்று வித்யாவே பெருமையாகச் சொன்னாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, பதினொரு மணி வாக்கில் மூன்று பேரும் திரும்ப வந்தார்கள். முகில் அம்மா தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தான். மேலுதடு வீங்கி, சட்டையெல்லாம் ரத்தம். வித்யா ஆபீஸிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள், கழுத்தில் ஐடி கார்டைக்கூடக் கழற்றவில்லை. குழந்தை விழுந்ததும் அஞ்சலைதான் போன் பண்ணியிருக்கிறாள்.

உதட்டு ரத்தம் பார்க்கத்தான் பயங்கரம், சீக்கிரம் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். அதனால் பதறாமல் கேஸ் ஷீட்டை எடுத்தேன். அதில் ‘விபத்தின்போது உடனிருந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அச்சடிக்கக் கொடுத்தவளும் நான்தான்.

"யாரு பாத்துக்கிட்டு இருந்தது?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் பெரிய குரல்.

வித்யா திரும்பி அஞ்சலையைப் பார்த்தாள். "நான்தாம்மா" என்றாள் அஞ்சலை. பெயரை எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். கொஞ்சம் கவனமாக இருக்கக் கூடாதா என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். என் நாக்குக்கு பிரேக் கிடையாது என்று என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வித்யா அஞ்சலையை வெளியே உட்காரச் சொன்னாள். பிறகு போனில் கணவரைக் கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பஸ் கரோ, போதும். நாளைலேர்ந்து அஞ்சலைக்கா வேண்டாம். க்ரெச்ல போட்டுடலாம்" என்றாள். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

என் கேள்வி செய்த வேலை அது. ஒரு கட்டத்தை நிரப்பப் போய் ஒரு மனுஷியின் பிழைப்பில் கை வைத்துவிட்டேன். மனசு குறுகுறுத்தது. ஆனாலும் முதலில் குழந்தை.

3. சிங்கம்

வித்யாவை ஸ்டூலில் உட்கார வைத்து நீ-டு-நீ முயன்றோம். அவள் அவன் கையை விட்டு விட்டுப் பிடித்தாள், முகிலுக்கு அவள் பயம் தெரிந்துவிட்டது. அவன் உதைத்த உதையில் என் கண்ணாடி பறந்தது. அந்த அரை நிமிஷத்தில் நான் பார்த்தது ஒன்றுதான். மேலே நடுப்பற்களில் வலது பக்கப் பல், ஒரு மூலை இல்லை.

"உடைஞ்ச துண்டு எங்கம்மா?"

வித்யாவுக்குத் தெரியவில்லை. துண்டு கிடைக்கவில்லை என்றால் சமாச்சாரம் வேறு. வீங்கிய உதட்டுக்குள் புதைந்திருக்கலாம். விழுங்கியிருந்தால் கவலையில்லை, மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் ஆபத்து. எக்ஸ்-ரே எடுக்க வேண்டும், உதட்டுக்கு ஒன்று, தேவைப்பட்டால் நெஞ்சுக்கு ஒன்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். இதைச் சொன்னதும் வித்யா உடைந்துபோய் அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்துப் பிள்ளை இன்னும் பெரிதாக அழுதான். அழுகைக்கு நடுவில் கண்ணாடிக் கதவுப் பக்கம் கையை நீட்டி, "அஞ்சு, அஞ்சு" என்றான்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, அஞ்சலையை உள்ளே கூப்பிட்டேன். அவள் வித்யாவைப் பார்த்தாள். வித்யா தலையை ஆட்டினாள்.

அஞ்சலை என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து முகிலை வாங்கியதும் அவன் பாதி அடங்கிவிட்டான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். ஐந்தாவது விரலில், "சிங்கம் எப்டிடா கத்தும்?" என்று கேட்டாள். முகில் தலையைப் பின்னால் சாய்த்து, என் மடியில் போட்டு, வாயை ஆவென்று திறந்து கர்ஜித்தான். இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி ஒரு வாயை நான் பார்த்ததில்லை. கடைவாய் வரை தெரிந்தது.

பல் ஆடவில்லை. எனாமல் மட்டும்தான் போயிருந்தது, உள்ளே நரம்பு பத்திரம். உதட்டில் சின்னக் கீறல், விரலால் தடவினால் உள்ளே எதுவும் தட்டுப்படவில்லை. இருந்தாலும் துண்டு கண்ணில் படாமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அஞ்சலையிடம் கேட்டேன்.

அவள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துப்பட்டா நுனியிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு.

"சோபா அடியில கெடந்துச்சும்மா. தரையெல்லாம் கையால தடவித் தேடுனேன். டாக்டருக்கு வேணுமா இருக்கும்னு முடிஞ்சி எடுத்தாந்தேன்" என்றாள். துண்டை என் பக்கம் நீட்டி, "நீங்க கேக்கல" என்றாள்.

சண்டைக்குச் சொன்னதில்லை, நடந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. துண்டை ட்வீஸரில் எடுத்து, பல்லின் உடைந்த மூலையில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. எக்ஸ்-ரே வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். ஓரத்தில் கூர்மை மட்டும் இருந்தது. பாலிஷிங் டிஸ்க் போட்டு மழுக்கினேன். சத்தம் கேட்டு முகில் மிரண்டபோது, மிக்ஸியில் சட்னி அரைக்கிறோம் என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். தேங்காய்ச் சட்னியா என்று அவன் கேட்காததுதான் பாக்கி. இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

4. எழுத்து மூலமான உத்தரவு

எல்லாம் முடிந்த பிறகு எப்படி விழுந்தான் என்று கேட்டேன். இந்தத் தடவை குரலைக் குறைத்துக் கேட்டேன். தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடி வந்தானாம், கார்பெட் தடுக்கிக் குப்புற விழுந்தானாம், டம்ளர் விளிம்பு பல்லில் இடித்ததாம்.

வித்யாவுக்குத் திரும்பக் கோபம் வந்துவிட்டது. "எவர்சில்வர் டம்ளரா? குழந்தைக்கு எதுக்குக்கா அதைக் குடுத்தீங்க?"

"நீங்கதானம்மா சொன்னீங்க. டாக்டரம்மா எழுதிக் குடுத்துட்டாங்க, சிப்பரத் தூக்கிப் போட்டுட்டேன், இனிமே டம்ளர்தான்னு. அந்தச் சீட்ட ஃப்ரிட்ஜுல ஒட்டி வச்சிருக்கீங்களே."

வித்யா என்னைப் பார்த்தாள். நான் முகிலின் பழைய ஃபைலைப் பார்த்தேன். முதல் செக்கப் சீட்டின் நகல் உள்ளே இருந்தது. என் கையெழுத்து. ‘சிப்பர் நிறுத்தவும். டம்ளரில் மட்டும் கொடுக்கவும்.’ ‘மட்டும்’ என்பதன் கீழே இரண்டு கோடு வேறு.

சிப்பர் என்கிற மூக்கு வைத்த கப்பை எந்நேரமும் சப்பிக்கொண்டிருந்தால் பல்லுக்குக் கெடுதல், அது சரியான அட்வைஸ்தான். என் மனதில் இருந்தது சின்ன பிளாஸ்டிக் கப். ஆனால் தமிழ் வீட்டில் டம்ளர் என்று சொன்னால் வேறு எதை எடுப்பார்கள்? உட்கார வைத்துக் கொடுங்கள் என்றும் நான் எழுதவில்லை. வித்யா அரசாங்க உத்தியோகஸ்தி, எழுத்தில் வந்த உத்தரவை ஒரு எழுத்து மாறாமல் நிறைவேற்றியிருக்கிறாள். அஞ்சலை அவள் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். உத்தரவு போட்ட மகராசி நான், கேஸ் ஷீட்டும் கையுமாக விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு கேஸ் ஷீட்டை எடுத்து, அஞ்சலை பெயருக்குப் பக்கத்தில் ‘உடைந்த துண்டைத் தேடி எடுத்து வந்தவர்’ என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘டாக்டரின் அரைகுறை உத்தரவு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வித்யாவிடம் நீட்டினேன்.

"தப்பு என்னுதும்மா. அஞ்சலைய நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

வித்யா படித்துவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அஞ்சலை சிரிக்கவில்லை. முகிலை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கி நான் வரணுமா, வேணாமாம்மா?" என்றாள்.

வித்யா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸாரிக்கா. பயத்துல என்னென்னமோ பேசிட்டேன். எப்பவும் போல எட்டு மணிக்கு வந்துடுங்க. நீங்க இல்லாட்டா இவன் என்னை வாயைக்கூடப் பாக்க விடமாட்டான்."

அப்போதுதான் அஞ்சலை அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து முகில், அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, இன்னொரு முறை சிங்கமாகக் கத்திக் காட்டினான். வெளியே காத்திருந்த ஒரு சர்தார்ஜி எட்டிப் பார்த்தார்.

பத்து நாள் குழைவான சாதம், மெத்தென்ற பிரஷ், பல் சாம்பல் நிறமாக மாறினால் உடனே வரவும் என்று சொன்னேன். வழக்கம்போல வித்யா எழுதிக் கேட்டாள். எழுதினேன். கடைசியில் ‘டம்ளர் தொடரலாம். உட்கார்ந்து குடிக்கவும்’ என்று சேர்த்தேன். அஞ்சலை அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா? அதையும் போட்டுடுங்கம்மா" என்றாள்.

போட்டேன்.

5. போன மாதம்

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து நான் சொல்வது இது. உடைந்த பல்லோடு ஒரு குழந்தை வந்தால் முதல் கேள்வி, துண்டு எங்கே. இரண்டாவது கேள்வி, இவன் யார் மடியில் படுப்பான். யார் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை அந்த மனுஷர் தானாகவே சொல்வார், ஏனென்றால் அங்கே இருக்கிறவர்களில் அதிகம் பயந்துபோயிருப்பவர் அவர்தான். அந்தக் கட்டத்தை ஷீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு வரியையும், அதை வீட்டில் எந்தப் பாத்திரத்தை வைத்து, யார் செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்து எழுதுங்கள்.

முகிலின் பல் நிறம் மாறவேயில்லை. மூலை மழுங்கிய அந்தப் பல்லோடுதான் எல்லா போட்டோவிலும் இளித்துக்கொண்டிருந்தான். போன மாதம் அது தானாகவே விழுந்துவிட்டது. ஸ்கூல் விட்டதும் அஞ்சலை அவனை நேராக என்னிடம் அழைத்து வந்தாள். பல் துப்பட்டா முடிச்சில் இருந்தது. தலையில் கொஞ்சம் நரை விழுந்திருந்தது அவளுக்கு, வேறு மாற்றமில்லை.

முகிலுக்கு இப்போது மடி வேண்டாம். பெரிய மனுஷனாகத் தானே சேரில் ஏறி உட்கார்ந்து என்னை முறைத்தான்.

"டாக்டர் ஆன்ட்டி, இந்த டூத்தை நீங்கதான் உடைச்சீங்களாமே? அஞ்சு சொன்னாங்க."

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவள் மும்முரமாக மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"ஆமாலே, நான்தான் உடைச்சேன்" என்றேன். "எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கேன். ஷீட்டைப் பாக்கியா?"

"கோயி பாத் நஹி, பரவால்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, புதுப்பல் முளைத்திருக்கிறதா பார்க்கச் சொல்லி வாயை அகலமாகத் திறந்தான்.

விரலை உள்ளே விடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தேன்.