வீட்டில் கேட்டு வாருங்கள்

நாகரத்தினம் ரயில்வே ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவள். வங்காளத்தில், கார்டன் ரீச் காலனிக்கே அவள் ரத்னாதி; 'தி' என்றால் அங்கே அக்கா. ஞாயிறு காலையில் காலனி மன்றத்தில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை வாசிப்பாள். அதுகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவே வராது. அவள் வாசிக்க, அதுகள் பாதி வங்காள மொழியில் சண்டை போடும். வரதட்சணை, குடி, பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்துவது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வகுப்புதான்.

ஒரு வாரம் வாசித்த கதையில், பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தாகத்துக்குக் கையேந்தி நிற்கிறான். பானையை அவன் தொடக்கூடாது. யாராவது மேலிருந்து ஊற்ற வேண்டும்.

"ஏன், கிளாஸ் இல்லியா அந்த ஸ்கூல்ல?" என்றான் தினேஷ்குமார்.

"அவனுக்குச் சளி பிடிச்சிருக்கும்டா, ஒட்டிக்கும்ல," என்றாள் ரோஹிணி, சத்யப்ரியாவின் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை அள்ளிக்கொண்டே. நர்சரியிலிருந்தே அப்படித்தான் இரண்டும்.

ரத்னாதிக்குச் சுர்ரென்று வந்தது. இவ்வளவு பெரிய அநியாயம், இதுகளுக்கு ஒன்றும் தெரியவில்லையே! "உங்க ஊர்ல இப்படி உண்டா, நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் நின்னாங்கன்னு வீட்ல கேட்டுட்டு வாங்க. அடுத்த வாரம் பேசுவோம்."

கேட்டார்கள். வீடுகளில் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு ரோஹிணி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள். சத்யப்ரியா டப்பாவை நீட்டினாள்.

"வேணாம். வயிறு சரியில்ல."

"அரே, வர்ற வழியில ஜால்மூரி பொரி தின்னியே!" என்றான் தினேஷ்குமார்.

யாரும் சிரிக்கவில்லை. ரோஹிணி அழுதாள். "உன் கையால சாப்பிடக் கூடாதாம். அம்மா சொல்றாங்க. நான் என்ன பண்றது?"

சத்யப்ரியா டப்பாவை மூடினாள். "போன வாரம் வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் இது தெரியாது, ரத்னாதி. நீங்க ஏன் கேக்கச் சொன்னீங்க?"

எப்படியாவது அந்த இரண்டையும் பழையபடி சேர்த்து உட்கார வைத்துவிட வேண்டும் என்று அன்று மாலையே ரத்னாதி ரோஹிணி வீட்டுக்குப் போனாள். நியாயம் கேட்கத்தான் போனாள். அம்மா ராஜலக்ஷ்மி வாசலை மறித்து நின்றாள்.

"இனிமே அவ வரமாட்டா. கதைன்னு சொல்லி வம்பு வளர்க்கறீங்க. ஆமா, உங்களுக்கு எந்த ஊரு?"

"திருநெல்வேலிப் பக்கம்."

"அங்க எந்தத் தெரு?"

என்ன கேட்கிறாள் என்று ரத்னாதிக்குத் தெரியாதா? 'அதைக் கேக்காதீங்க' என்று வாய்வரை வந்ததுதான். அப்படிச் சொன்னால் கதவு சாத்திக்கொள்ளும், பெண் வராது. தெருப் பெயரைச் சொன்னாள்.

"அட, நம்ம ஆளுங்கதானா! முதல்லயே சொல்லக் கூடாதா? உள்ள வாங்க, காபி போடறேன்."

ரத்னாதி உள்ளே போனாள். காபியும் குடித்தாள். சத்யப்ரியாவின் பெயரை மட்டும் அங்கே எடுக்கவே முடியவில்லை. ரோஹிணி அறைக்கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த ஞாயிறு ராஜலக்ஷ்மியே மகளைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். சத்யப்ரியாவைக் காணோம்.

"அவ வரலியா?" என்று ரத்னாதி கேட்டாள்.

"வரமாட்டா," என்றாள் ரோஹிணி. "நீங்க அம்மாகிட்ட என்ன சொன்னீங்கன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

ரத்னாதி புத்தகத்தைப் பிரித்தாள். அன்றைக்கு அவள் வாசித்ததற்கு யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.